மருந்தும் அமானிதமே

உள்ளதைப் பகிர்ந்துண்பது நம் சமுதாயத்தின் உயர்பண்பு. நோன்புக் கஞ்சியாயினும் குர்பானி இறைச்சியாயினும் அண்டை வீட்டாருக்குப் பங்கு வைத்த பின்னரே நமக்கு உண்ண மனம் வருகிறது. அப்படியானால், காய்ச்சல் பரவும் காலத்தில் நம் இல்லத்தில் இருக்கும் மருந்தையும் அவ்வாறே பகிர்ந்தளிப்பது அறமாகுமா? கேட்டவருக்குக் கொடுக்க மறுப்பது உலோபித்தனமாகுமா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

மதுரை மாட்டுத்தாவணியை எண்ணிப் பார்ப்போம். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை கூடிய அவ்விடத்தில் 1999-ஆம் ஆண்டு முதல் பேருந்து நிலையம் இயங்கி வருகிறது. நெல்லை, இராமநாதபுரம், திருச்சி, சென்னை எனப் பல திசைகளுக்கும் அங்கிருந்து மக்கள் புறப்படுகின்றனர். இரவு பகல் பாராமல் தோளோடு தோள் உரசும் அக்கூட்டத்தில், ஒருவர் இருமலில் தெறித்த நுண்துளி இன்னொருவரைப் பற்றி, விடிவதற்குள் வேறொரு மாவட்டத்தை அடைந்துவிடக் கூடும். பன்றிக் காய்ச்சல் என மக்கள் அழைத்த எச்1என்1 சளிக்காய்ச்சலை உலக சுகாதார நிறுவனம் 2009 ஜூன் 11 அன்று உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது. பின்னர் 2015-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அந்நோய் பற்றியது; ஏறத்தாழ 3 ஆயிரம் பேர் மாண்டனர்.

2009-இல் இந்நோய்க்குரிய ஒசெல்டாமிவிர் என்னும் குளிகையை அரசு முதலில் தன் மருத்துவமனைகள் வழியாகவே வழங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில்தான், உரிமம் பெற்ற சில கடைகளில் மருத்துவர் சீட்டின் பேரில் விற்கக் கடுமையான கட்டுப்பாட்டுடன் இசைந்தது. வசதியுள்ளோர் அச்சத்தால் வாங்கிப் பூட்டிக் கொண்டால், கருவுற்ற பெண்ணுக்கும் முதியோருக்கும் கிட்டாமற் போகும். முறையற்று உண்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். மக்களுக்குத் தேவையான பொருளைப் பதுக்குவதை மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. தானியத்துக்குப் பொருந்தும் அந்நீதி மருந்துக்குப் பொருந்தாதா?

அக்குளிகையின் உறவு மருந்தே ஸானமிவிர். இது விழுங்கும் மருந்தன்று. சிறு கருவியின் மூலம் வாய்வழியே மூச்சோடு உள்ளிழுக்கும் தூள். உயிரணுவிலிருந்து புதிதாய்ப் பிறக்கும் கிருமி, தன் நொதியால் பிணைப்பை அறுத்துக் கொண்டே அடுத்த அணுவுக்குப் பாய்கிறது. அந்த நொதியை முடக்குவதே இம்மருந்தின் வேலை. ஆகவே நோய்க்குறி தோன்றி இரண்டு நாளுக்குள் தொடங்க வேண்டும். வேளைக்கு இரண்டு முறை இழுப்பாக, நாளொன்றுக்கு இரு வேளை, ஐந்து நாள் எடுத்துக் கொள்வது வழக்கமான சிகிச்சை முறை. ஏழு வயது நிரம்பாக் குழந்தைகளின் சிகிச்சைக்கு இது உரியதன்று.

இனி நம் வினாவுக்கு வருவோம். ஐந்து நாள் மருந்தில் மிச்சம் எப்படி வந்தது? காய்ச்சல் தணிந்ததும் ஒருவர் பாதியில் நிறுத்தியதாலன்றோ! மிஞ்சிய மருந்தே முதல் தவறுக்குச் சாட்சி. அதைப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொடுக்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு ஆஸ்துமா இருந்தால், நம் பிள்ளைக்குக் குணமளித்த அதே தூள் அவருடைய மூச்சுக்குழலை இறுக்கிவிடக் கூடும். அதில் கலந்துள்ள பாற்சர்க்கரையில் பால் புரதமும் இருப்பதால், பால் ஒவ்வாதவர்க்கும் ஆபத்துண்டு. மூச்சுத் திணறுகிறதே என்று அத்தூளை நீரில் கரைத்து ஆவிக்கருவியில் ஊற்றுவதும் கூடாது. அவ்வாறு கரைத்துச் செலுத்தியதில் செயற்கைச் சுவாசக் கருவி அடைபட்டு ஒரு நோயாளி இறந்ததை 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கையாகவே வெளியிட்டது.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால் நேரும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. நல்லெண்ணம் இருந்தது என்பதனால் அப்பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. அறிவு துணை நில்லாத இரக்கம் இருட்டில் எறிந்த கல்லைப் போன்றது. யார்மேல் விழும் என்பதை எறிந்தவரும் அறியார்.

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று மருந்தையே மறுத்துக் கிடப்பார் வேறு சிலர். கி.பி. 638-639-இல் ஷாம் நாட்டை அம்வாஸ் கொள்ளைநோய் வாட்டிய காலத்தில், அங்கே சென்று கொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுவதா எனக் கேட்ட அபூஉபைதா (ரலி) அவர்களுக்கு, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைப்பதே தவக்குல் என்பதும் நாயகத்தின் போதனையன்றோ! அன்று மாட்டுத்தாவணிக்கு மாடு கொணர்ந்தவரும் கயிற்றை அவிழ்த்துவிட்டு இறைவன் காப்பான் என்று உறங்கியிருக்க மாட்டார்.

ரமலானில் நோய் கண்டால், நோன்பு முறியுமே என்று மருந்தைத் தள்ளிப் போடுவோரும் உளர். நோயாளிக்கு நோன்பைப் பிற்பாடு நோற்கும் சலுகையைத் திருமறையே வழங்கியிருக்கிறது. இரண்டு நாளுக்குள் தொடங்க வேண்டிய சிகிச்சையைத் தவறவிட்டு, இறைவன் அளித்த சலுகையை மறுப்பது பக்தியாகாது. ஐயமிருப்பின் மருத்துவரையும் ஆலிமையும் அன்றே கேட்பது முறை.

ஆகவே, மருந்தைக் கொடுக்க மறுப்பது உலோபித்தனமன்று. அது, உரியவருக்கு உரிய முறையில் சேர வேண்டிய அமானிதம். ஆனால் மறுப்போடு நம் கடமை முடிந்துவிடுவதுமில்லை. காய்ச்சலால் நடுங்கும் அண்டை வீட்டாரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அவருக்கு ஆஸ்துமா உண்டென்றும், இன்னின்ன மருந்து உண்கிறார் என்றும் மறவாமல் எடுத்துரைக்க வேண்டும். அவர் குணமடையும் வரை அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு உணவனுப்ப வேண்டும். நமக்கே நோய் கண்டால் பேருந்தையும் கூட்டத்தையும் தவிர்க்க வேண்டும். மருந்தைக் கொடுப்பதைவிட இவை கடினமானவை. நம் நேரத்தையும் உழைப்பையும் கேட்பவை. உண்மையான ஈகை அங்கேதான் தொடங்குகிறது.

அறிவோடு கூடிய இரக்கத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.