வைப்பதிலும் ஓர் அறம்



நம் இல்லங்களில் தண்ணீரை வடிகட்டிப் பருகுகிறோம். கதிரவன் மறையுமுன் உணவு கொள்கிறோம். வாசலில் எறும்புச் சாரை ஊர்ந்தால், அதை மிதித்துவிடாமல் விலகி நடக்கும் பெரியோரைப் பார்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம். சிற்றுயிருக்கும் ஊறு செய்யலாகாது என்னும் பயிற்சி நமக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. அத்தகைய மரபில் வந்த நாம், கடைத்தெருவிற்குச் சென்று நம் காரை நடைபாதையின்மேல் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கிச் செல்லும்போது, மனமுள்ள ஐயறிவு உயிராகிய மனிதனுக்கு என்ன செய்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா? இதனை இன்று சிறிது சிந்திப்போம்.

இது காவல்துறை கவனிக்க வேண்டிய செய்தி, அறவுரையில் இதற்கு இடம் ஏது என்று சிலர் கேட்கலாம். நம் ஆசாரிய பெருமக்கள் இதற்கு இடம் வைத்துத்தான் சென்றிருக்கிறார்கள். நாம்தாம் அதனைப் படித்துவிட்டு, தெருவிற்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

முதலில், நடைபாதை யாருக்கு உரியது என்பதைக் காண்போம். கைத்தடி ஊன்றிக் கோயிலுக்குச் செல்லும் பாட்டியார், இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாகச் செல்லும் தாய், புத்தக மூட்டை சுமந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவர், வெள்ளைக் கோலால் தட்டித் தடவி வழியறியும் பார்வையற்றவர், சக்கர நாற்காலியில் செல்பவர் ஆகிய இவர்களுக்கெல்லாம் நகரத்தில் அச்சமின்றிச் செல்வதற்கென உள்ள ஒரே இடம் அதுவே. நடப்பதற்கென்று தடையற்ற 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012ஆம் ஆண்டின் நெறிமுறையில் வகுத்துள்ளது. சாதாரணக் கார் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். அதனை அங்கே ஏற்றி நிறுத்தினால் எஞ்சுவது ஒரு சாண்கூட இல்லை. மோட்டார் சைக்கிளின் நீளமோ ஏறத்தாழ 2 மீட்டர். குறுக்கே ஒன்றை நிறுத்தினாலே பாதை முழுவதும் அடைபட்டுவிடும்.

அடைபட்டால் நடப்பவர் என் செய்வார்? பாதையைவிட்டுச் சாலையில் இறங்குவார். அங்கே பேருந்தும் லாரியும் விரைந்து வருகின்றன. சில வேளைகளில் அவை அவர் முதுகுப்புறமாக வருவதால் அவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. பார்வையற்றவரின் கோல் தரையைத்தான் தடவும். நிறுத்திய வண்டியின் கண்ணாடியும் கைப்பிடியும் அவர் மார்பிலும் முகத்திலும் மோதிய பின்னரே தெரியும். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ இறங்குவதற்கும் வழியில்லை; வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்றும், அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவ்வளவும் நடைபாதையை அடைத்ததால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் நடப்பவரைச் சாலையில் இறக்கிவிடுவது எத்தகைய ஆபத்தில் அவரை இறக்கிவிடுவது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இனி நம் ஆகமம் காட்டும் வழிக்கு வருவோம். முனிவர்களுக்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவதாகிய ஈர்யா சமிதியை நாம் அனைவரும் அறிவோம். நான்கு முழ தூரம் நிலத்தை நோக்கி, உயிர்க்கு இடர் நேராவண்ணம் நடப்பது அது. நான்காவதாகிய ஆதான நிக்ஷேபண சமிதியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஆதானம் என்றால் எடுத்தல். நிக்ஷேபணம் என்றால் வைத்தல். ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்து, உயிர்களுக்குத் தீங்கு நேராதவாறு செய்தல் என்பது பொருள். முனிவர் தம் கமண்டலத்தைத் தரையில் வைக்குமுன் அவ்விடத்தைக் கண்ணால் நோக்கி, மயிற்பீலியால் மெல்ல நீக்கி, அதன் பின்னரே வைக்கிறார். கமண்டலத்தின் எடை எவ்வளவு? அதனை வைப்பதற்கே இத்துணை கவனம்! ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டியை வைத்துவிட்டுத் திரும்பியும் பாராமல் செல்வது எவ்வாறு பொருந்தும்?

இது துறவறத்தார்க்கு மட்டும் உரியது என்று ஒதுக்கவும் இயலாது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் கொல்லாமை விரதத்தை உறுதிப்படுத்தும் ஐந்து பாவனைகளுள் ஒன்றாக இதனை உமாஸ்வாமிகள் வைத்திருக்கிறார். அணுவிரதம் ஏற்ற இல்லறத்தாரும் தம் ஆற்றலுக்கேற்ப இப்பாவனைகளைப் பயில வேண்டியவரே ஆவர்.

அதே அதிகாரத்தில் கள்ளாமை விரதத்திற்குரிய பாவனைகளும் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று பரோபரோதாகரணம். பர என்றால் பிறர்; உபரோதம் என்றால் தடுத்தல்; அகரணம் என்றால் செய்யாமை. தாம் இருக்கும் இடத்தில் பிறர் வருவதைத் தடுக்காமல் இருத்தல் இதன் கருத்து. அன்பர்களே, இப்பாவனை எந்த விரதத்தின்கீழ் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கள்ளாமையின்கீழ்! பிறர் பையிலிருந்து பணம் எடுப்பவனை மட்டுமே நாம் கள்வன் என்கிறோம். பலருக்கும் பொதுவான இடத்தில் இருந்துகொண்டு பிறர்க்கு வழி விடாமையும் அவ்விரதத்திற்கு மாசு என்று நம் ஆசாரியர் கண்டிருக்கிறார். நடைபாதை நமக்குக் கொடுக்கப்பட்ட இடமன்று. கொடுக்கப்படாததைக் கொள்ளுதல் யாது என்பதை நம் குழந்தைகளும் அறிவார்கள்.

இங்கே சிலர் கூறும் சமாதானங்களையும் ஆராய்வோம்.

“ஐந்து நிமிடந்தான் நிறுத்தினேன்” என்பார் ஒருவர். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பாட்டியார் சாலையில் இறங்கினார். தீங்கு நேர்வதற்கு ஒரு கணம் போதும். நாம் எவ்வளவு நேரம் நிறுத்தினோம் என்பதை அது கேட்பதில்லை.

“யாரையும் துன்புறுத்தும் எண்ணம் எனக்கில்லை” என்பார் மற்றொருவர். உண்மைதான், ஆயினும் பிரமாதம் என்னும் அசட்டையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே ஹிம்சை என்பது நம் சித்தாந்தம். பகை வேண்டும் என்பதில்லை, கவனமின்மையே போதும். பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை வீணாக்குதல் முதலியவற்றோடு, வீணே பிறரை அலையச் செய்வதையும் பிரமாத சரியை என்று சிராவகாசார நூல் எண்ணுகிறது. நம் வண்டியைச் சுற்றிக்கொண்டு எத்தனை பேர் ஒரு நாளில் அலைகிறார்கள்!

“சாலையில் நிறுத்தினால் வாகனங்களுக்கு இடையூறு, அதனால்தான் ஓரமாக ஏற்றினேன்” என்பார் வேறொருவர். இதில் நல்லெண்ணமும் இருக்கலாம். ஆனால் அந்த எண்ணம் வண்டியில் வருவோரை மட்டுமே மனிதராகக் கண்டது; நடந்து வருவோரைக் காணவில்லை. வலியவர்க்கு வழிவிடுவதற்காக எளியவரின் வழியை எடுத்துக் கொடுப்பது தயையாகாது.

“நான் நிறுத்தவில்லை, ஓட்டுநர் நிறுத்தினார்” என்பாரும் உளர். தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைவரவிற்கு வாயில்கள் என்று நாம் நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில் சொல்கிறோம். ஊதியம் பெறுபவர் தலையில் நம் வினையை ஏற்றிவிட முடியாது. வாடிக்கையாளரின் வண்டிகள் கடைமுன் நடைபாதையை நிறைத்து நிற்பதைக் கண்டு வியாபாரம் பெருகுகிறது என்று மகிழும் வணிகரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

பிறர்க்கு இடையூறு செய்தல் அந்தராய கர்மத்தின் ஆஸ்ரவத்திற்குக் காரணம் என்பது நாம் அறிந்ததே. நாம் தொடங்கும் நற்செயல்கள் காரணம் தெரியாமல் தடைப்படும்போது, யார் வழியை எப்போது தடுத்தோமோ என்று ஏங்குவதைவிட, இன்று தடுக்காமல் இருப்பதே அறிவுடைமை.

நாட்டின் சட்டமும் இதனையே கூறுகிறது. பிறர்க்கு ஆபத்தோ இடையூறோ நேருமாறு பொது இடத்தில் வாகனத்தை விட்டுச் செல்வதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. நடைபாதையில் வாகனம் நிறுத்தலாகாது என்பதை 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளும், அவற்றின் இடத்தில் வந்த 2017ஆம் ஆண்டின் விதிமுறைகளும் தெளிவாக உரைக்கின்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் கூறியது. ஆனால் சட்டத்தின் கண் காவலர் நிற்கும் இடத்தில் மட்டுமே விழித்திருக்கும். விரதம் ஏற்றவருக்கோ எங்கும் தம் மனமே காவல்.

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். நம் முனிவர்களும் மாதாஜிகளும் எவ்வாகனமும் ஏறாமல், வெறுங்காலோடு ஊர் ஊராக விகாரம் செய்கிறார்கள். விகாரத்தின்போது சாலை விபத்துகளில் துறவியர் உயிர் நீத்த செய்திகளைக் கேட்டு நாம் கலங்கியிருக்கிறோம். நகரத்துள் அவர்கள் நடக்கும் பாதையை அடைத்துவிட்டு, அவர்களை வரவேற்க வாயிலில் பூரண கும்பத்தோடு நிற்பது பொருந்துமா? ஜினாலயத்தில் பஞ்சகல்யாண விழாவும் தேர்த் திருவிழாவும் நிகழும் நாள்களில் நம் வண்டிகளே தெருவின் இருபுறமும் நடைபாதையை மறைத்து நின்றால், அத்தெருவில் வாழும் பிற சமயத்தார் ஜின தர்மத்தைப் பற்றி என்ன எண்ணுவார்கள்? தீர்த்தங்கரர் அறவுரையைக் கேட்க விலங்கும் பறவையும் மனிதரும் தேவரும் ஒருவரையொருவர் நெருக்காமல் அமர்ந்த இடம் சமவசரணம். அதன் நினைவாக எழுந்ததே ஜினாலயம்.

ஆறு திரவியங்களுள் ஆகாசம் உயிரற்றது, அறிவற்றது. எனினும் எல்லாப் பொருள்களுக்கும் இடங்கொடுப்பதே அதன் இயல்பு. உயிர்களின் இயல்போ ஒன்றுக்கொன்று உதவுதல். அறிவற்ற ஆகாசம் கொடுத்த இடத்தை, அறிவுள்ள உயிராகிய நாம் மற்றோர் உயிர்க்கு மறுக்கலாமா?

ஆகவே, அன்பர்களே, வரும் பர்யூஷண நாள்களில் உணவு நியமங்களோடு இதனையும் ஒரு நியமமாகக் குடும்பத்தோடு ஏற்போம். நடைபாதையில் எந்நாளும் வண்டியை நிறுத்துவதில்லை. ஓட்டுநரையும் நிறுத்தச் சொல்வதில்லை. நிறுத்த இடமில்லையெனில் சற்றுத் தொலைவில் நிறுத்தி நடப்போம். அந்த நடை நம் உடலுக்கும் நல்லது. விழா நடத்தும் சங்கத்தார் அழைப்பிதழிலேயே வண்டி நிறுத்தும் இடத்தைக் குறிப்பிட்டு, இளைஞர் சிலரை அதற்கென நியமிக்கலாம். புதிய வண்டி வாங்குமுன், அது நிற்க நம் வீட்டில் இடமுண்டா என்று கேட்டுக்கொள்வோம். இடமின்றி வாங்கும் பொருள் பிறர் இடத்தில்தான் போய் நிற்கும். பரிக்கிரக பரிமாணம் என்பதற்கு இக்காலத்தில் இதனினும் எளிய அளவுகோல் கிடைப்பது அரிது.

வண்டியை நிறுத்தி இறங்கியதும், கதவைப் பூட்டுமுன், ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். இவ்வழியே ஒரு முதியவர் வந்தால் தடையின்றிச் செல்வாரா என்று கேளுங்கள். அந்த ஒரு நோக்கே இல்லறத்தானின் மயிற்பீலி.

ஜின தர்மம் ஓங்குக! எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!