பாற்பாயசக் கடனும் கோடி நாமமும்

"ஸ்ரீராமஜெயம் ஒரு கோடி எழுதுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லும் சகோதரிகளை எந்த ஊர்க் கோயிலிலும் பார்க்கலாம். கேட்கவே மனம் குளிர்கிறது. ஆனால், கோடி என்றால் எவ்வளவு என்று யோசித்துவிட்டா வேண்டிக்கொள்கிறோம்? லட்சத்துக்கு மேலே கோடி, அவ்வளவுதானே என்று வாய் சொல்லிவிடுகிறது!

விநாடிக்கு ஒரு நாமம் வீதம், உண்ணாமல் உறங்காமல் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் நாமம் முடிய ஒரு நாளும் மூன்றே முக்கால் மணி நேரமும் ஆகும். கோடி முடிய 115 நாட்களுக்கு மேல் ஆகும். நூறு கோடி என்றால்? 31 வருஷம் 8 மாதம். ஆரம்பித்த அன்று உங்கள் இடுப்பில் இருந்த குழந்தைக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்.

லட்சார்ச்சனை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சகஸ்ரநாமத்தில் ஆயிரம் நாமம். பத்துப் பேர் ஆளுக்குப் பத்து முறை சொன்னால் லட்சம் வந்துவிடுகிறது. கோடி அர்ச்சனைக்கு அதே பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் முறை சொல்ல வேண்டும்.

கேரளத்தில் ஆலப்புழைக்குப் பக்கத்தில் இருக்கிறது அம்பலப்புழை. அங்கே ஸ்ரீகிருஷ்ணனுக்குத் தினமும் பாற்பாயசம் நிவேதனம். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். செம்பகசேரி மன்னருக்குச் சதுரங்கம் என்றால் உயிர். ஒரு நாள் ஒரு முனிவர் வந்து ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார். "என்ன பரிசு வேண்டும்?" என்றார் மன்னர். "முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு... இப்படி 64 கட்டத்துக்கும் இரட்டித்துக் கொடுத்தால் போதும்" என்றார் முனிவர். இவ்வளவுதானா என்று சிரித்தாராம் மன்னர்.

நாமும் அளந்து பார்ப்போமா? ஒரு கிராமுக்கு 50 அரிசி என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசை எட்டுக் கட்டத்துக்கு மொத்தம் 255 அரிசி, ஒரு சின்ன ஸ்பூன். இரண்டு வரிசை முடியும்போது 1.3 கிலோ. நம் வீட்டு அரிசி டப்பாவே போதும், பயமில்லை. மூன்று வரிசைக்கு 335 கிலோ, மூட்டை மூட்டையாக வேண்டும். நான்கு வரிசைக்கு 86 டன். பாதிப் பலகைதான் ஆகியிருக்கிறது! 64 கட்டமும் முடிந்தால் அரிசியின் எண்ணிக்கை 20 இலக்கம். எடை சுமார் 36,900 கோடி டன். 2023-24ல் பாரத தேசம் முழுவதிலும் விளைந்த அரிசி 14 கோடி டன்னுக்குச் சற்றே குறைவு. அதே அளவு வருஷா வருஷம் விளைந்தாலும் இந்தப் பலகையை நிரப்ப 2,600 வருஷத்துக்கு மேல் ஆகும்.

களஞ்சியம் காலியாகி மன்னர் கலங்கி நின்றபோது, முனிவராக வந்த கிருஷ்ணன் சுயரூபம் காட்டினார். "மொத்தமாகத் தர வேண்டாம். தினமும் பாயசமாகக் கொடுத்துக் கடனைத் தீர்த்துக்கொண்டிரு" என்றாராம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பகவான் கணக்கைத் தள்ளுபடி செய்யவில்லை, மன்னரை நெருக்கவும் இல்லை. நாளுக்கு ஒரு நிவேதனம் என்று அளவைச் சின்னதாக்கிக் கொடுத்துவிட்டார்.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருவோம். தினமும் 108 நாமம் எழுதினால் ஒரு கோடி முடிய 253 வருஷம் ஆகும். தினமும் ஆயிரம் எழுதினாலும் 27 வருஷத்துக்கு மேல். அடுப்பில் குக்கர், வாசலில் பால்காரர், இதற்கு நடுவே ஆயிரம் எழுத யாருக்கு முடிகிறது? வேண்டிக்கொண்டுவிட்டோமே, பாக்கி வைத்தால் தெய்வகுற்றமோ என்று இரவில் தூக்கம் கெடும் சகோதரிகள் உண்டு. அம்மா, அந்தப் பயமே வேண்டாம். அம்பலப்புழைக் கடன் இன்றும்தான் பாக்கி!

ஒன்று செய்யலாம். உங்கள் தெரு, கோயில் பாராயணக் குழு, உறவுக்காரர்கள் என்று 254 பேர் சேருங்கள். ஆளுக்குத் தினம் 108 எழுதினால் ஒரே வருஷத்தில் கோடியைத் தாண்டிவிடும். பத்துப் பதினைந்து நிமிஷ வேலைதான். ஒரு பொது நோட்டில் எல்லோர் பெயரையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாத நாளில், அவருடைய 108ஐயும் பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்து எழுதிவிடலாம்.