கனவில் நடந்த கொலைக்கு யார் பொறுப்பு?

நடுச்சாமத்தில் குழந்தை வீரிட்டு அழுதபடி எழும்புகின்றது. தாய் அதை அணைத்து, நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, "ஒன்றுமில்லை மகன், அது கனவு" என்கிறாள். குழந்தை அவள் தோளில் சாய்ந்து மீண்டும் உறங்கிவிடுகின்றது. இந்த ஆறுதல் முழுவதும் ஒரேயொரு நம்பிக்கையில் தங்கியிருக்கின்றது. கனவு வேறு, நனவு வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அதைத் தாய் சாத்திவிடுவாள் என்பதே அந்த நம்பிக்கை.

அந்தக் கதவையே கழற்றி எறிந்துவிடுகின்ற பிறநாட்டுத் திகிற்படங்கள் சில உள்ளன. இரத்தம் குடிக்கும் பிரபு வருவான், ஒருவர் சிலுவையை நீட்டுவார், பிரபு ஓடுவான் என்ற வகைப் படங்கள் அல்ல இவை. அவை வேடிக்கைதான், வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டதும் மறந்துபோகும். நான் கூறுவது, கதையில் நடந்தது கனவா நிசமா என்று கடைசிவரை அறிய முடியாமலே நாம் எழுந்து வரவேண்டிய படங்களை.

இவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று பெற்றோர் கேட்பர். கூடாது, அதில் நீண்ட விவாதம் வேண்டியதில்லை. 1936ஆம் ஆண்டில் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் திரைப்படங்களைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், மக்கள் இருட்டிலே உட்கார்ந்து, உடலும் உள்ளமும் தளர்ந்திருக்கும் வேளையில் படம் பார்க்கின்றார்கள் என்பதைக் குறிப்பாக எடுத்துக்காட்டினார். ஏறக்குறைய உறங்குபவனின் நிலைதான் அது. இன்று அந்த இருட்டு கைத்தொலைபேசியோடு படுக்கைக்கே வந்துவிட்டது. ஆனால், வளர்ந்தவர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய வேறொரு கேள்வி இப்படங்களில் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகின்றது.

1920ஆம் ஆண்டு பெப்ரவரியில் பெர்லின் நகரில் "டொக்டர் கலிகாரியின் பெட்டகம்" என்ற மௌனப் படம் திரையிடப்பட்டது. ரொபேட் வீன இயக்கியது. இவ்வகைப் படங்களுக்கெல்லாம் மூத்தது என்றே இதைக் கூறலாம். தெருக்கள் கோணலாக வளைந்திருக்கும்; வீடுகள் சாய்ந்து நிற்கும்; நிழல்கள்கூடச் சீலையிலும் பலகையிலும் தீட்டப்பட்டவை. காய்ச்சற்காரன் காணும் ஊர் போன்றது அது. அந்த ஊர்க் கார்னிவலுக்கு கலிகாரி என்ற கிழவன் வருகிறான். அவனிடம் சவப்பெட்டி போன்ற ஒரு பெட்டி. அதற்குள்ளே சேசரே என்ற வாலிபன் ஓயாமல் உறங்குகிறான். கலிகாரி கட்டளையிட்டால் மட்டும் கண் திறப்பான், எதிர்காலம் சொல்வான். "நான் எவ்வளவு காலம் வாழ்வேன்?" என்று அலன் என்ற இளைஞன் விளையாட்டாகக் கேட்கிறான். விடியும்வரை என்று பதில் வருகின்றது. விடியுமுன் அலன் கொல்லப்படுகிறான்.

கொன்றவன் சேசரே. ஆனால் அவன் தூக்கத்தில் நடப்பவன். அப்படியானால் கொலைகாரன் யார்?

இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. தம் வாழ்வை இறைவன் முன் திறந்துவைத்த புனித அகுஸ்தீனார், அந்நூலின் பத்தாம் பாகத்தில் இதே இடத்தில் தடுமாறி நிற்கின்றார். விழித்திருக்கையில் தாம் ஒதுக்கித்தள்ளும் சோதனைகளுக்குக் கனவில் தாம் இணங்கிவிடுவது ஏன்? உறங்குகின்ற அந்த மனிதன் தாம் அல்லவா? அவர் கண்ட விடை எளிதானதன்று. அச்செயலை நாம் செய்யவில்லை என்பதை விழித்ததும் அறிந்து மனச்சாட்சி அமைதியடைகின்றது. ஆயினும் எப்படியோ அது நம்மிலே நிகழ்ந்ததற்காக வருந்துகின்றோம் என்கிறார். எட்டு நூற்றாண்டுகளின் பின் வந்த புனித தோமஸ் அக்குவினாஸ், வழக்கம்போல, இதைத் தெளிவாகப் பிரித்து வைத்தார். உறக்கத்தில் பகுத்தறிவு கட்டுண்டிருப்பதால் அங்கே நிகழ்வது தன்னளவில் பாவமன்று. ஆனால், அதற்குக் காரணமாக விழிப்பிலே நாம் மனமறிந்து வளர்த்த எண்ணம் பாவமாக இருக்கலாம். இதன்படி, சேசரேயைத் தண்டிக்க நியாயமில்லை. அவனை அனுப்பியவன் விழித்திருந்தான். அவனே கணக்குக் கொடுக்க வேண்டியவன்.

படம் இங்கே முடிந்திருந்தால் நல்ல நீதிக்கதையாக இருந்திருக்கும். அலனின் நண்பன் பிரான்சிஸ் துப்புத் துலக்கிச் சென்று, மனநோய் மருத்துவமனை ஒன்றின் அதிபரே அந்தக் கலிகாரி என்று கண்டுபிடிக்கிறான். ஆனால் கடைசியில் கதை தலைகீழாகின்றது. இவ்வளவு நேரமும் நமக்குக் கதை சொன்ன பிரான்சிஸ் அதே மருத்துவமனையின் நோயாளி! அதிபர், இவனைக் குணமாக்கும் வழி தமக்குத் தெரிந்துவிட்டது என்கிறார். கொலையும் இல்லை, கொலைகாரனும் இல்லை. எல்லாம் ஒரு பித்தனின் கனவு.

இக்கதையை எழுதிய இருவருள் ஒருவரான ஹான்ஸ் ஜனோவிற்ஸ், முதலாம் உலகப் போரில் அதிகாரியாகப் பணியாற்றியவர். இளைஞரை உறக்க நிலையிலே கொல்லவும் சாகவும் அனுப்பிய அதிகாரத்தைச் சாடவே தாமும் கார்ள் மேயரும் எழுதியதாகவும், இந்த முடிவு தம் எதிர்ப்பையும் மீறிச் சேர்க்கப்பட்டதாகவும் அவர் பின்னாளில் கூறினார். 1947இல் சீக்பிரீட் கிறக்கவர் தமது நூலில் இதனை விரித்தெழுதினார். அவர்கள் சொன்னதை முழுதாக ஏற்கவும் முடியாது. பிற்காலத்தில் கிடைத்த மூலப் பிரதியிலே வேறொரு முன்கதை இருந்தது தெரியவந்தது. எனினும் அதில் பிரான்சிஸ் பைத்தியக்காரன் அல்லன். ஆக, எவர் செய்தாரோ, அந்தக் கடைசிச் சில நிமிடங்களில் ஒரு காரியம் நடந்தேறிவிட்டது. குற்றவாளி வைத்தியரானார், சாட்சி நோயாளியானான். எனக்கு இப்படத்தில் நடுக்கம் தருவது சேசரேயின் கத்தியன்று. அந்த அதிபரின் கனிவான முகமே.

அரை நூற்றாண்டு கழித்து, 1968இல், சுவீடன் நாட்டு இங்மார் பேர்க்மன் "ஓநாயின் நாழிகை" என்ற படத்தை எடுத்தார். இவர் லூதரன் போதகர் ஒருவரின் மகன். சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் இவருடைய படங்கள் இரண்டு உள்ளன. இது அவற்றுள் ஒன்றன்று. யோஹான் என்ற ஓவியனும் அவன் மனைவி அல்மாவும் ஒரு தீவிலே தனித்து வாழ்கின்றனர். அவனுக்கு இரவில் உறக்கமில்லை. தன்னைத் துரத்தும் உருவங்களை வரைந்து மனைவிக்குக் காட்டுகிறான். ஓர் இரவு, கடற்கரைப் பாறையில் ஒரு சிறுவனைத் தான் கொன்றதாக அவளிடம் சொல்கிறான். நமக்கும் அது காட்டப்படுகின்றது. ஆனால் அது நடந்ததா, அவனது நோயுற்ற மனம் கண்டதா என்று படம் சொல்லவேயில்லை.

அல்மாவின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். "அது வெறும் கனவு" என்று கணவனைத் தேற்றினால், ஒருவேளை, இறந்த பிள்ளையொன்றுக்கு அநீதி செய்தவளாவாள். நம்பினால், குற்றமற்ற நோயாளியைக் கொலைகாரனாக்கியவளாவாள். அவள் இரண்டும் செய்யவில்லை. கேட்டுக்கொண்டு பக்கத்திலே இருக்கிறாள். பிறகு அவன் காணும் உருவங்கள் அவள் கண்ணிலும் படத் தொடங்குகின்றன. நீண்டகாலம் ஒருவனோடு வாழ்ந்த பெண் அவனைப் போலாகிவிடுவதாலா இது என்று இறுதியில் நம்மைப் பார்த்தே கேட்கிறாள். இந்தக் கேள்வியைத் திகிற்படத்தின் தந்திரம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. குடிகாரக் கணவனோடு, அல்லது மனம் பேதலித்த பிள்ளையோடு வாழ்ந்த எத்தனையோ பெண்கள் இதைக் கேட்டிருப்பார்கள்.

ஹொலிவூட்டில் 1984இல் வந்த, நம் இளைஞர் பலர் அறிந்த "எல்ம் தெருக் கொடுங்கனவு" கலைத்தரத்தில் இவற்றுக்கு அருகிலும் வராது. இரத்தம் அளவுக்கு மிஞ்சியது. ஆயினும் கதையின் வித்து கவனிக்கத்தக்கது. ஒரு தெருவிலுள்ள பிள்ளைகள் கனவிலே ஒருவனால் கொல்லப்படுகின்றார்கள், மெய்யாகவே செத்துப்போகின்றார்கள். பெற்றோர், அது கனவு, பேசாமல் தூங்கு என்கின்றனர். ஆனால் அவன் யாரென்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளைக் கொன்றுவந்த அவன் சட்டத்திலிருந்து தப்பியபோது, அவர்களே ஒன்றுகூடி எரித்து, அதை மறைத்துவிட்டவர்கள். குழந்தையைத் தேற்றும் அதே வார்த்தை அங்கே மூடிமறைக்கும் வார்த்தையாகின்றது. இதை எடுத்த வெஸ் கிறேவன், பத்திரிகைச் செய்திகளிலிருந்தே தமக்கு எண்ணம் பிறந்ததாகக் கூறினார். 1970களின் பிற்பகுதியிலிருந்து, லாவோஸ் போன்ற நாடுகளின் போரிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற அகதிகளில், நல்ல சுகதேகிகளான ஆண்கள் பலர் உறக்கத்திலே திடீரென இறந்தனர். வைத்தியர்கள் பின்னர் இருதயத் துடிப்பின் கோளாறு ஒன்றை இத்தகைய மரணங்களோடு தொடர்புபடுத்தினர். படத்தில் பேயாக வந்ததற்குப் பின்னால், நிசத்தில் ஒரு போர் இருந்தது.

நம்மிடமும் சிலர் இப்படிப் பேசுகின்றார்கள். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்த பின்னர், நடந்ததை ஒரு கெட்ட கனவாக மறந்துவிடுங்கள் என்ற அறிவுரை எத்தனை மேடைகளில் கேட்டது! சொன்ன எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். சிலர் உண்மையிலே அந்தத் தாயைப் போல, அழுகின்ற ஒருவரைத் தேற்றவே சொன்னார்கள். துயரத்தில் உறைந்துபோனவருக்கு உறக்கமும் மறதியும் மருந்தாவதும் உண்டு. நானும் மரண வீடுகளில் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி வீதியோரத்தில் பிள்ளைகளின் படங்களோடு வந்து குந்திய தாய்மாரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் கையில் இருந்தவை திகதியும் இடமும் பெயரும் கொண்ட நினைவுகள். அவற்றைக் கனவு என்பது, பிரான்சிஸைக் கட்டிலில் கட்டிவைத்துக் குணமாக்கப் போகிறேன் என்பதற்கு ஒப்பாகும்.

வேதாகமத்தில் கொடுங்கனவு கண்ட ஒரு பெண் இருக்கிறாள். பிலாத்து நீதியிருக்கையில் இருந்தபோது, அந்த நீதிமானின் காரியத்தில் தலையிட வேண்டாம், அவர்பொருட்டுக் கனவில் மிகவும் துன்பப்பட்டேன் என்று அவன் மனைவி ஆளனுப்பினாள். புனித மத்தேயு மட்டுமே இதைக் குறித்துவைத்துள்ளார். பிலாத்து விழித்திருந்தவன், விசாரித்தவன், குற்றம் ஒன்றும் காணாதவன். மனைவியின் கனவைக் கனவென்று விட்டுவிட்டு, கை கழுவத் தண்ணீர் எடுத்தான். கிரேக்க, எத்தியோப்பியத் திருச்சபைகளில் அந்தப் பெண்மணிக்குப் புனிதையென்று இன்றும் விழா எடுக்கின்றார்கள்.