குளித்தது குற்றம்!

குளிப்பது குற்றமாகுமா? கேட்போர் நகைப்பர். ஆகும் என்று கூறிற்று ஓர் அரசு! ஊரறியப் பறைசாற்றிக் கூறிற்று. மீறுவோர்க்குத் தண்டனையும் வகுத்தது. ஏதோ காட்டுத் தலைவனின் கட்டளையன்று. கடல்கடந்தும் கொடிநாட்டிய ஸ்பெயின் பேரரசின் ஆணை!

அந்த ஆணைக்குத் தப்பிய கட்டடம் ஒன்று கிரனாடா நகரில், அல்ஹம்ப்ராக் கோட்டைக் குன்றுக்கு எதிரே, தாரோ ஆற்றங்கரையில் நிற்கிறது. 11ஆம் நூற்றாண்டில் மூர்கள் எழுப்பிய பொதுக் குளியலகம். எல் பன்யுவேலோ என்பர். வெளித்தோற்றத்தில் பகட்டு ஏதுமில்லை. உள்ளே நுழைந்தால் குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, வெப்ப அறை என்று அடுத்தடுத்து விரிகிறது. வளைந்த கூரையில் விண்மீன் வடிவத் துளைகள். அவற்றின் வழியே ஒளிக்கற்றை இறங்கி, தேய்ந்த தரையில் படிகிறது. தூண்களை உற்று நோக்குகிறோம். தலைப்புகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை! சில ரோமர் செதுக்கியவை. சில விசிகோத்தியர் காலத்தவை. இடிந்த பழங்கட்டடங்களிலிருந்து எடுத்துவந்து பொருத்தியிருக்கின்றனர். தரைக்கடியில் வெப்பக் காற்றைச் செலுத்தும் முறையும் ரோமரிடமிருந்து வந்ததே. முஸ்லிம்கள் வருமுன்பே, கிறித்தவம் பிறக்குமுன்பே, அந்த மண்ணில் மனிதன் வெந்நீரில் குளித்திருக்கிறான். குளியலுக்கு மதமில்லை என்று கல்லே சான்று பகர்கிறது!

கல்லின் சான்றைக் காவலர் கேட்டனரா?

1492இல் கிரனாடா வீழ்ந்தது. முஸ்லிம்களின் மதத்திலும் வழக்கத்திலும் கைவைப்பதில்லை என்று உடன்படிக்கை எழுதித் தந்தனர் வென்றவர்கள். பத்தாண்டு நிறையுமுன் அது கிழிந்தது. ஞானநீராட்டுப் பெறு, இன்றேல் நாட்டைவிட்டு ஓடு என்றனர். அங்ஙனம் கிறித்தவராக்கப்பட்டோர்க்கு மொரிஸ்கோக்கள் என்று பெயர். அவர்தம் அரபு மொழி, ஆடை, குளியல் ஆகியவற்றின்மீது 1526இல் தடை பிறந்தது. பெருந்தொகை கைமாறியதும், நாற்பதாண்டு உறங்கட்டும் என்று மன்னன் ஐந்தாம் சார்லஸ் அதனைக் கிடத்திவைத்தான். ஆபத்திலிருந்ததாகக் கூறப்பட்ட மதம், பொற்காசு கண்டதும் நாற்பதாண்டு பொறுத்துக்கொண்டது பாரீர்! தவணை தீர்ந்ததும், அவன் மகன் இரண்டாம் பிலிப்பின் ஆணை 1567 சனவரி முதல் நாள் முழங்கிற்று. குளியலகங்களை இடிக்க வேண்டும். வீட்டிலும் அவ்வாறு குளித்தலாகாது. தலையில் ஊற்றிய நீர் கட்டாயம். உடலைக் கழுவிய நீர் குற்றம்!

மொரிஸ்கோக்களுள் ஒரு முதியவர், பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே, உயர்நீதிமன்றத் தலைவர் பெத்ரோ தே தேசாவிடம் முறையிட்டார். குளியல் உடற்றூய்மைக்கே, மதச்சடங்குக்கன்று. பலர் கூடும் பொதுவிடத்தில் மறைவாக எச்சடங்கு நடத்த இயலும் என்று வாதிட்டார். அழகிய வாதம்! ஆயினும் நம் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. சடங்கன்று, ஆகவே விட்டுவிடுங்கள் என்றால், சடங்காகவே இருந்தால் இடித்துவிடலாமா? நீரால் பாவம் போகும் என்று நாம் நம்புபவரல்லோம். ஆனால், நம்பிக் குளிக்கும் ஒருவன் அதனால் யார் குடியைக் கெடுத்தான்? அவன் அறியாமையை எடுத்துச்சொல்ல நமக்கு நாவுண்டு, ஏடுண்டு. கடப்பாரை எதற்கு?

சட்டம் வழக்கத்தில் தலையிடவே கூடாதோ என்று கேட்பர். அதற்கும் அதே ஏட்டில் விடை கிடக்கிறது. கருநிற அடிமைகளை மொரிஸ்கோக்கள் வைத்திருத்தலாகாது என்றும் தடை இருந்தது. அடிமையின்பால் இரக்கத்தால் அன்று. பழைய கிறித்தவர் வீட்டு அடிமை அடிமையாகவே இருந்தான். இந்தத் தடையையும் எதிர்த்தார் முலே! எங்களுக்கு ஏவலர் வேண்டாவோ, எல்லாரும் சமமாகிவிடுவதோ என்ற பொருள்பட வினவினார். குளியலுக்காகக் கேட்ட நீதியை அடிமைக்காகக் கேட்க அந்த முதியவர்க்குத் தோன்றவில்லை. குளிப்பவன் தன் உடலைத்தான் கழுவுகிறான். அடிமை கொள்பவனோ பிறன் உடலைப் பறிக்கிறான். இரண்டையும் வழக்கம் என்ற ஒரே மூட்டையில் கட்டினான் மன்னன். ஒரே மூட்டையாகவே காக்க முனைந்தார் முலே. சீர்திருத்தம் பேசும் நாம் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாக வேண்டும். இதனால் தாழ்த்தப்படுபவன் எவன் என்று கேளாமல், இது பழையது, இது அயலது, இது நமக்கு அருவருப்பு என்று மட்டும் கூறிச் சட்டம் கேட்போமானால், பிலிப்பின் அவையில் நமக்கும் ஓர் இருக்கை கிடைத்துவிடும்.

முலேயின் முறையீடு பயனளிக்கவில்லை. 1568 இறுதியில் அல்புகாரா மலைநாடு கிளர்ந்தெழுந்தது; 1571வரை குருதி பெருகிற்று. கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் காஸ்டில் எங்கும் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் பேர் ஸ்பெயினைவிட்டே துரத்தப்பட்டனர். ஞானநீராட்டுப் பெற்றவர்களாகவே கப்பலேறினர். தாரோக் கரையின் குளியலகம் மட்டும் ஒரு வீட்டோடு ஒட்டிக்கொண்டு பிழைத்துக் கிடந்தது. 1918இல் ஸ்பெயின் அரசே அதனை நாட்டின் நினைவுச் சின்னமென அறிவித்தது. கூரையின் விண்மீன்கள் இன்றும் ஒளி தருகின்றன. கீழே தொட்டியில் நீரில்லை.