தானாக ஓடுபவை

2022 மார்ச் இறுதியில் இலங்கையின் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. மின்சாரம் நடுச்சாமத்தில் திரும்பினால், திம்புள்ளத் தேயிலைத் தோட்டமொன்றிலோ கொழும்பிலோ சேர்வருக்குப் பக்கத்தில் யார் விழித்திருக்கப் போகிறார்கள்? கணினி எழும்பிவிடும். அதற்குள் ஓடவேண்டிய சேவையும் எழும்புமா என்பது யாரோ முன்பே செய்து வைத்த ஏற்பாட்டில் இருக்கிறது.

லினக்ஸில் 2010இல் அறிமுகமான சிஸ்டம்டி என்ற மென்பொருள் அந்த ஏற்பாட்டைக் கவனிக்கிறது. 'ஸ்டார்ட்' என்றால் சேவை இப்போதே ஓடும். கணினி அணைந்து எழுந்தால் அந்தக் கட்டளை செல்லாது. 'எனேபிள்' என்றால் அந்த நேரத்தில் எதுவும் ஓடாது. எழுப்ப வேண்டியவற்றின் வரிசையில் சேவையின் பெயர் சேரும், அவ்வளவுதான். தோட்டத்து வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் பேர் விழுவது போல. அந்தக் காலத்தில், பேர் விழுந்தவரை, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்புப் பறை விடியும்போதெல்லாம் கூப்பிட்டது.

தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் அதே சேவை தனித்தனியாக வேண்டுமா? பெயரின் கடைசியில் @ இட்டு ஒரே ஒரு வார்ப்புக் கோப்பு எழுதினால் போதும். @ குறிக்குப் பின்னால் 'மேற்பிரிவு' என்று கொடுத்தால் ஒன்று ஓடும், 'கீழ்ப்பிரிவு' என்றால் இன்னொன்று. ஒன்று விழுந்தால் மற்றது விழாது. ஆனால் வார்ப்பில் பிழை இருந்தால் அத்தனையிலும் அதே பிழை ஓடும். யாருக்கும் யார் மீதும் பகை இருக்கத் தேவையில்லை.

இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் மலையகம் இப்படி ஒரு வார்ப்பை அனுபவித்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் வழி பார்த்தது. தகப்பன் குடிமகனாக இல்லாமல், தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பிராவில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், பெயர் மட்டும் மாறி, அதே விதி ஓடியது. பிள்ளைக்குப் பிள்ளை யாரும் உட்கார்ந்து யோசித்து நாடற்றவராக்கவில்லை. ஒருமுறை எழுதியது போதுமாக இருந்தது. கட்டங்கட்டமாகத் திருத்தி, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை வர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

வார்ப்பைத் திருத்தினால் மட்டும் சிஸ்டம்டியில் வேலை முடியாது. கோப்பை மறுபடி வாசிக்கச் சொல்லி, ஓடுகிற ஒவ்வொரு பிரதியையும் திரும்பத் தொடக்க வேண்டும். இல்லையேல் கோப்பில் புதியது இருக்க, பழையதே ஓடும். சட்டமும் அப்படித்தான். ஒவ்வொருவர் கைக்கும் அடையாள அட்டை வந்து சேரும்வரை அந்தத் திருத்தம் பாதி வழியிலேயே நிற்கிறது.

நாள்தோறும் தானாக நடப்பதைப் பார்த்துப் பார்த்து, அது மழையைப் போல இயற்கை என்று பழகிவிடுகிறோம். அதன் அடியில் ஒரு மனிதர் எழுதிய வரி இருக்கிறது. மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம். நம் பெயரில் அன்றாடம் எது ஓடுகிறது என்று திறந்து வாசிப்பதே அதற்கான முதல் வேலை.