அண்டை வீட்டுப் பிள்ளையும் அமானிதமே

நமக்கு வாய்த்த செல்வங்களில் எதுவும் நமக்கு உரிமையானதன்று. அனைத்தும் வல்ல அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே என்று சிறு வயது முதல் கற்று வந்திருக்கிறோம். பொருளை அமானிதம் என்கிறோம். கல்வியை அமானிதம் என்கிறோம். பெற்ற மக்களை எல்லாவற்றினும் மேலான அமானிதம் என்கிறோம். ஆனால் ஒரு வினாவை மட்டும் நாம் அதிகம் எழுப்பிப் பார்த்ததில்லை. நம் பிள்ளையைக் குறித்து நாம் எடுக்கும் முடிவு அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிரைத் தொடுமானால், அந்தப் பிள்ளையும் நம் அமானிதத்தில் சேர்ந்துவிடுகிறதா, இல்லையா?

தட்டம்மை மீண்டும் தலையெடுத்துவரும் இந்நாளில் இவ்வினாவைத் தள்ளிப்போட இயலாது.

திருப்பூரின் காங்கயம் சாலையில் இருக்கிறது நல்லூர். முன்பு தனி நகராட்சியாக இருந்து, 2011இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதி. பனியன் கம்பெனி வேலையை நம்பித் தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் வாழ்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; எல்லார்க்கும் பொதுவாக ஒரு வாசல், ஒரு தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டில் தாளிக்கும் மணம் ஐந்து வீடுகளுக்கு எட்டும். அத்தகைய ஒரு வாசலில், ஓவர்லாக் மெஷினில் தைத்துப் பிழைக்கும் இளந்தந்தை ஒருவர் நம்மிடம் சொன்னார்: "பிள்ளைக்கு ஊசி வேணாம்னு நர்சம்மாகிட்டச் சொல்லிட்டேன் பாய். அல்லாஹ் காப்பாத்துவான். எங்க பிள்ளை, எங்க பாடு."

அவர் முரடரல்லர். ஐவேளைத் தொழுகையாளி, பிள்ளையின்மீது உயிரையே வைத்திருப்பவர். அவருடைய சொற்களில் முதல் பகுதி ஈமானிலிருந்து வந்தது, அதை மதிக்கிறோம். ஆனால் "எங்க பிள்ளை, எங்க பாடு" என்றாரே, அது உண்மைதானா?

தட்டம்மையை நம் முதியோர் மணல்வாரி என்றும் அழைப்பர். பிள்ளைகளுக்கு வந்து போகிற நோய், வேப்பிலைக் காற்றில் தணிந்துவிடும் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உண்டு. பல பிள்ளைகள் தேறிவிடுவது மெய்தான். தேறாத பிள்ளைகளின் கணக்கையும் நாம் பார்க்க வேண்டாமா? 1963இல் தடுப்பூசி கண்டறியப்படுவதற்கு முன்னர், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 26 லட்சம் பேர் இந்நோயால் மாண்டனர். நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, மூளை வீக்கம், பார்வையிழப்பு ஆகியவை இதன் பின்னாலேயே வருபவை. வேறு நோய்களை எதிர்க்க உடல் முன்னரே சேர்த்து வைத்திருந்த ஆற்றலில் பெரும் பகுதியையும் இது அழித்துவிடக்கூடும் என்று 2019இல் வெளிவந்த ஆய்வுகள் தெரிவித்தன. நோய் தேறி எழுந்த பிள்ளையும் முன்னிருந்த பிள்ளையன்று என்பதே இதன் பொருள்.

இந்நோயைப் பெரியம்மையினின்றும் பிரித்தறிந்து, இரண்டையும் பற்றித் தனி நூல் எழுதியவர் நம் முன்னோருள் ஒருவரான அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் 'ஹஸ்பா' என்று அவர் விளக்கிய நோயைத்தான் பிற்கால ஐரோப்பிய மருத்துவர்கள் அவருடைய நூலின் மொழிபெயர்ப்பு வழியே பயின்றனர். அந்த மரபுக்கு உரிய சமுதாயம் இந்நோயைப் பற்றி அறியாமல் இருப்பது நமக்கு அழகன்று.

தட்டம்மையின் கொடுமை அது பரவும் வேகத்தில் இருக்கிறது. நோயுற்ற பிள்ளை இருமிவிட்டுச் சென்ற அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். பாதுகாப்பற்றோர் நடுவே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடும். நம் நாட்டில் முதல் ஊசி 9 மாதம் நிறைந்த பின்னரும், இரண்டாம் ஊசி 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் போடப்படுகின்றன. அப்படியாயின் ஒன்பது மாதம் நிறையாத சிசுவைக் காப்பது எது? தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் சில மாதங்களில் தேய்ந்துவிடும். அதன்பின் அதற்கு இருக்கும் வேலியெல்லாம் சுற்றியுள்ள பிள்ளைகள் பெற்ற ஊசிதான். நூற்றுக்கு 95 பேர் இரண்டு ஊசிகளையும் பெற்றால்தான் அவ்வேலி உறுதியாக நிற்கும். ஆகவே நல்லூர் லைன் வீட்டில் ஒரு தந்தை 'வேண்டாம்' என்று சொல்லும்போது, அச்சொல் தன் பிள்ளையோடு நிற்பதில்லை. சுவருக்கு அப்பால் தொட்டிலில் கிடக்கும், பேசத் தெரியாத, யாரும் கருத்துக் கேட்காத ஒரு சிசுவின்மீதும் போய் விழுகிறது.

வேலி சரிந்த இடங்களை நாம் கண்டுவிட்டோம். கொரோனா ஆண்டுகளில் தவறிப்போன ஊசிகளின் விளைவாக, 2022இன் இறுதியில் மும்பையின் கோவண்டி போன்ற நெருக்கமான பகுதிகளில் தட்டம்மை பரவிப் பிள்ளைகளைப் பலிகொண்டது. அங்கே வாழ்வோரில் நம் சமுதாயத்து ஏழை மக்கள் மிகுதி. 2025இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஊசியை விலக்கி வாழும் கிறிஸ்தவச் சமயக் குழுவினர் நடுவே நோய் பரவி, ஊசி பெறாத இரண்டு பிள்ளைகள் இறந்தனர். எனவே இத்தயக்கம் ஒரு மதத்தாருக்கோ ஏழைகளுக்கோ உரியது என்று எவரும் பழிசுமத்த வேண்டியதில்லை.

தயங்குவோரை அறிவிலிகள் என்று ஏசுவது எளிது. ஆனால் அச்சத்திற்கு வேர் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஓராண்டில் மட்டும் 80 லட்சத்திற்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அவர்களுள் வற்புறுத்தலுக்கு ஆளான ஏழைகள் எத்தனையோ பேர். 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில், அமெரிக்க உளவுத்துறை தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் வேவு பார்த்தது. அதன்பின் அந்நாட்டில் போலியோ மருந்து கொடுக்கச் சென்ற பெண்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஊசியைப் பொய்யின் கருவியாக்கியவர்கள் செய்த பாவத்தின் சுமையை, வீடு வீடாக நடந்த ஏழைப் பெண்கள் சுமந்தார்கள்.

நம் தமிழகத்திலும் ஒரு துயரம் நிகழ்ந்தது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி பெற்ற 4 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் ஊர்தோறும் சென்று ஊசி போடும் முறை கைவிடப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களோடு அப்பணி நின்றது. 2005-06இல் எல்லாத் தடுப்பூசிகளும் பெற்ற தமிழகக் குழந்தைகள் 80.9 விழுக்காடு என்றிருந்த தேசியக் குடும்ப நல ஆய்வுக் கணக்கு, 2015-16இல் 69.7ஆக இறங்கியது. 2019-21இல் அது 89.2ஆக உயர்ந்தது. இறக்கத்திற்கு ஒரே காரணத்தைக் காட்டிவிட முடியாதெனினும், அடிபட்ட நம்பிக்கை தேறப் பல்லாண்டுகள் ஆகும் என்பதை உணரலாம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் தமிழகத்தில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பறந்த வதந்திகளால் பெற்றோர் பலர் பின்வாங்கினர். இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அச்சத்தை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? பசிபிக் தீவு நாடான சமோவா விடை சொல்கிறது. 2018இல் அங்கு ஊசி பெற்ற இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசி மருந்தைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாகத் தவறான வேறொரு மருந்தைச் செவிலியர் கலந்துவிட்டனர். தடுப்பு மருந்தில் குற்றமில்லை, கைதான் தவறியது. ஆயினும் ஊசித் திட்டம் சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. மக்களின் நம்பிக்கையும் குலைந்தது. 2019இல் தட்டம்மை புகுந்தபோது, ஏறத்தாழ 2 லட்சம் பேரே வாழும் அந்நாட்டில் 83 பேர் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். இரண்டு பிள்ளைகளுக்காக அழுத ஊர், அடுத்த ஆண்டு எத்தனை பிள்ளைகளுக்காக அழுதது!

இனி, மார்க்கத்தின் பெயரால் எழும் இரண்டு ஐயங்களைப் பார்ப்போம். முதலாவது, தவக்குல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகக் கேள்வியுற்று, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்தார்கள். நோய் விதியென்றால் மருந்தும் விதியே. ஒன்றை மட்டும் விதியென்று ஏற்று மற்றதை விலக்குவது தவக்குல் ஆகுமா?

இரண்டாவது, ஹலால் பற்றிய ஐயம். சில தடுப்பூசிகளில் மருந்து கெடாதிருக்க ஜெலட்டின் சேர்க்கப்படுவதால் இது எழுகிறது. ஐயம் நேர்மையானது, அதற்கு நேர்மையான விடையும் தேவை. 2018இல் இந்தோனேசிய உலமா சபை, நம் நாட்டுப் புனேயில் தயாரான இதே தட்டம்மை-ரூபெல்லா ஊசியை ஆராய்ந்தது. அதன் தயாரிப்பில் விலக்கப்பட்ட பொருள் பயன்பட்டிருப்பதை அச்சபை மறைக்கவில்லை. எனினும் மாற்று மருந்து கிடைக்காமையாலும், போடாவிடில் நேரும் பேராபத்தாலும், நிர்ப்பந்த நிலைக்குரிய சட்டப்படி அதைப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. ஹலாலான மாற்றைத் தயாரிக்குமாறு கேட்பது நம் உரிமை. அது வரும்வரை பிள்ளையை நோய்க்கு விட்டுவைப்பது நம் உரிமையன்று.

மீண்டும் அந்தத் தந்தையின் சொல்லுக்கு வருவோம். 'என் இடத்தில் நான் செய்வது என் பாடு' என்ற வாதத்தைத் திருப்பூர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறது. சாயப்பட்டறைக்காரர் தம் பட்டறையில் தம் தொழிலைத்தான் செய்தார். ஆனால் கழிவுநீர் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, எங்கோ இருந்த உழவரின் கிணற்றையும் நிலத்தையும் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட வேண்டிய அளவுக்கு அது முற்றியது. கப்பலின் கீழ்த்தளத்தார் தமக்கு ஒதுக்கிய இடத்தில்தானே என்றெண்ணித் துளையிட முனைந்தால், மேல்தளத்தாரும் சேர்ந்தே மூழ்குவர் என்ற நபிகளாரின் உவமையும் இதைத்தான் உணர்த்துகிறது. சாயநீருக்கு வேலி தெரியாது. கடல்நீருக்குத் தளம் தெரியாது. காற்றில் நிற்கும் கிருமிக்குச் சுவர் தெரியுமா?

அப்படியாயின் வற்புறுத்தி ஊசி போடலாமா என்று கேட்கலாம். கூடாது என்பதே நம் கருத்து. வற்புறுத்தல் விதைத்த அச்சத்தைத்தானே ஐம்பதாண்டுகளாக அறுவடை செய்கிறோம்! உவமையில் துளையிட்டவர்களும் பகைவர் அல்லர். தண்ணீருக்கு வழியின்றித் தவித்தவர்கள். அவர்களுடைய கையைப் பிடித்துத் தடுக்கும் கடமை மேல்தளத்தாருக்கு உண்டென்றால், தண்ணீருக்கு வழி செய்யும் கடமையும் உண்டன்றோ?

நம் ஓவர்லாக் டைலரிடம் தொட்டில் குழந்தையைப் பற்றிச் சொன்னோம். பக்கத்து வீட்டிலேயே ஐந்து மாதக் கைக்குழந்தை இருந்தது. சற்று நேரம் பேசாதிருந்தவர், பிறகு கேட்டார்: "சரி பாய். ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தா, இவ எப்படி வேலைக்குப் போவா? கேட்க ஆளிருக்கா?"

அவருடைய மறுப்பின் அடியில் இருந்தது இந்தக் கேள்விதான். பீஸ் ரேட்டில் தைக்கும் வீட்டில் பிள்ளையின் காய்ச்சல் என்பது போன கூலி. 'அல்லாஹ் காப்பாத்துவான்' என்ற சொல்லுக்குப் பின்னால், மனிதர் யாரும் காக்க வரமாட்டார்கள் என்ற ஏக்கமும் மறைந்திருந்தது. இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். தவறு நேர்ந்தால் மறைக்காமல் விசாரித்து அறிவிப்பது அரசின் கடமை. தாய்க்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பளிப்பது முதலாளியின் கடமை. அம்முதலாளிகளுள் நம்மவரும் உண்டு. கேட்டதையெல்லாம் பரப்புவதே பொய்யனாவதற்குப் போதும் என்ற நபிமொழியை ஜும்ஆ மேடையில் எடுத்துரைப்பதும், ஐயங்களுக்கு மருத்துவரை அழைத்து விடை பெறுவதும் உலமாப் பெருமக்களின் கடமை. ஊசி போட்ட வீட்டிற்கு மறுவாரம் சென்று பிள்ளை நலமா என்று கேட்பதற்கு ஜமாஅத்திற்குப் பெரும் நிதி வேண்டுமா? பக்கத்து அறையில் மொழி தெரியாமல் வாழும் ஒடிசாக் குடும்பத்தின் பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்றா என்று விசாரிப்பதும் அண்டை வீட்டார்க்குச் செய்யும் ஹக்கில் சேர்ந்ததுதான். அண்டை வீட்டாரின் மதத்தை மார்க்கம் கேட்கவில்லை.

நம் பிள்ளை நம் அமானிதம். நம் முடிவு எட்டும் தூரம்வரை உள்ள பிள்ளைகளும் நம் அமானிதமே. நாளை மறுமையில் நம் பிள்ளையைப் பற்றிக் கேட்கும் இறைவன், சுவருக்கு அப்பால் இருந்த தொட்டிலைப் பற்றியும் கேட்டால் என்ன விடை வைத்திருக்கிறோம்? அவ்விடையை இன்றே தேடிக்கொள்ளும் நல்லுணர்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.