கொடியும் கொழுகொம்பும்

ஆதரவற்றவரைக் ‘கொழுகொம்பற்ற கொடி’ என்பது தமிழ் வழக்கு. இவ்வுவமை இரக்கத்திற் பிறந்ததுதான். எனினும் அதனுள் ஒரு தீர்ப்பும் உறைந்திருக்கிறது. தானே நிமிர்ந்து நிற்கும் மரம் நிறைவுடையது. பிறிதொன்றைப் பற்றி ஏறும் கொடி குறையுடையது என்பதே அத்தீர்ப்பு. சார்ந்து வாழ்தல் தாழ்வு என்னும் இம்மதிப்பீடு இயற்கையிலே கிடைத்ததா, அன்றி இயற்கையின்மீது நாம் ஏற்றியதா?

டயகமத் தேயிலை மலைகளுக்கு மேலே, ஹோட்டன் சமவெளியை நோக்கி எழும் காடு இவ்வினாவுக்கு ஏற்ற களமாகும். அங்கே மரமேறும் காட்டுக்கொடி மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அதன் வேர் சொந்த மண்ணில் ஊன்றியது. உணவு சொந்த இலையில் ஆக்கப்படுவது. மரத்திடம் அது பெறுவது உயரம் ஒன்றையே. மண்ணில் வேரின்றிப் பிற செடியின் சாற்றில் வாழும் அம்மையார் கூந்தலோடு இதனை ஒன்றாக எண்ணலாகாது. (‘ஒட்டுண்ணி’ என்ற சொல்லை மனிதர்மீதும் எத்துணை எளிதாக வீசிவிடுகிறோம்!) ஏறுகொடிகளைப் பற்றி 1865இல் வெளியிட்ட நீண்ட ஆய்விலே, இவை மிகக் குறைந்த உடற்பொருளைச் செலவிட்டு ஒளியை எட்டும் திறத்தைச் சார்ள்ஸ் டார்வின் வியந்து குறிப்பிட்டார். மரம் தன் ஈட்டத்திற் பெரும்பங்கைத் தண்டாக்கித் தன்னைத் தாங்குகிறது. கொடி அதனை நீளமாகவும் இலையாகவும் ஆக்குகிறது. இஃது இயலாமையன்று, வேறொரு வாழ்முறை.

அக்காட்டிலே தேவாங்கு ஒன்று உண்டு. அதன் நிழற்படங்கள் 2010இல் வெளியானபோது, அழிந்ததென அஞ்சப்பட்ட உயிர் மீண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. தேவாங்கு குரங்கைப்போலத் தாவுவதில்லை. கிளையைப் பற்றிப் பற்றியே நகர்வது. மரத்துக்கும் மரத்துக்கும் இடையே படர்ந்த கொடி அதற்குப் பாலமாகிறது.

ஆயின் மரம் இழப்பதொன்றும் இல்லையா? உண்டு. கொடி மிகுந்த இடத்தில் மரத்தின் வளர்ச்சி குன்றும். ஒரு மரம் சாயுங்கால் கொடியாற் பிணைந்த அயல் மரங்களும் சரியும். இதனை மறைத்துக் கொடிக்காக வாதாடுவது நேர்மையன்று. ஆனால், அம்மரமும் முதுமரங்களின் நிழலில் முளைத்தது. அவற்றின் சருகு மக்கிய மண்ணை உண்டது. வேரிலே பூஞ்சைகளின் துணை பெற்றது. காட்டிலே சாராத உயிர் எது?

காட்டின் எல்லையைத் தாண்டித் தேயிலைமீது படர்ந்தவுடன் அக்கொடி ‘களை’ ஆகிவிடுகிறது. தேயிலையும் தன்போக்கில் விட்டால் மரமாகக்கூடியதே. கொழுந்தெடுக்கும் கைக்கு எட்ட வேண்டுமென்று கவ்வாத்து வெட்டி அதனைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். எதை வெட்டுவது, எதைப் பிடுங்குவது என்பதைத் தீர்மானிப்பது நமது தேவை, செடியின் குணமன்று.

செடிகளைப் போலவே மனிதரும் இம்மலைகளில் வகுக்கப்பட்டனர். தோட்டத்தை அண்டிப் பிழைப்பவர் எனத் தொழிலாளரைக் கூறும் வழக்கம் நெடுநாளையது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. அக்காலத்திலும் அதன் பின்னரும் தேயிலையே நாட்டின் தலையாய ஏற்றுமதியாக விளங்கியது. ஆகவே, கொடி யார், கொழுகொம்பு யார்? சார்பு இருபுறமும் இருந்தது. ஒருபுறத்துச் சார்பு மட்டுமே சார்பெனப் பெயர்பெற்றது. மறுபுறத்தது ‘முகாமை’ எனப்பட்டது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை இங்கு எண்ணாதிருக்க இயலாது. அச்செயலைக் கொடைமடம் எனப் புகழ்வர். பாரியின் அருளை நான் ஐயுறவில்லை. ஆயினும் அங்கே கொடுப்போன் உயர்ந்தோன், பெறுவது இரங்கத்தக்கது என்னும் ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கிறது. காட்டு மரம் கொடிக்கு வள்ளலன்று. தேவாங்குக்குக் கொடியும் வள்ளலன்று. மலையகத்தில் 2015இன் பின் எழுந்த தனிவீட்டுத் திட்டங்கள் ஏழு பேர்ச் காணியுடன் வழங்கப்பட்டபோது அவற்றையும் ஈகையாகவே மேடைகளிற் பேசினர். ஒன்றரை நூற்றாண்டாக அம்மண்ணைத் திருத்தியவர்களின் வழிவந்தோருக்கு அதில் ஏழு பேர்ச் அளந்து கொடுப்பதற்குக் கொடை என்ற சொல் பொருந்துமா, கடன் என்ற சொல் பொருந்துமா?